நங்கூரம் காலனிக்கு வந்த வயல்

பேச்சிக்கனியின் வயல் எங்கள் நங்கூரம் காலனிக்கு வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை காலை, தண்ணி லாரி வருவதற்குச் சற்று முன்னால். வந்ததும் அது நேராக லாரிகள் நிறுத்தும் மைதானத்துக்குப் போய், தெருக்குழாய்க்கும் மாதா சிலை நிற்கிற கெபிக்கும் நடுவில், வெயிலில் அலைந்த எருமை குட்டையைக் கண்டதும் படுக்குமே அதுபோல, இரண்டு பக்கமும் ஒருமுறை அசைந்துகொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வரப்பு இருந்தது, வாய்க்கால் இருந்தது, வெண்டையும் கத்தரியும் தக்காளியும் கீரைப் பாத்தியும் போட்டது போட்டபடி இருந்தன, செத்துப்போன தன் புருசனின் கட்டம்போட்ட சட்டையைப் பேச்சிக்கனி மாட்டிவிட்டிருந்த காவல்பொம்மைகூட, தலைச்சட்டி மட்டும் கொஞ்சம் சாய்ந்து, நின்ற இடத்தில் நின்றது. பின்னாலேயே நாலைந்து கொக்குகள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி, சலித்துக்கொண்டு வந்து இறங்கின.

நான் தூத்துக்குடித் தோணிகளில் சுக்கான் பிடித்தே கிழவனானவன். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிற வழியில் பார்த்ததைச் சொன்னால் "கஸ்பார் அளக்கான்" என்று எழுந்து போய்விடுவார்கள். ஆனால் இதை நான் மட்டும் பார்க்கவில்லை. ரயில்வே கேட்காரர் பார்த்தார். "வயல் வந்துச்சு, கேட்டு அடைச்சிருந்துச்சு, நின்னுச்சு. கூட்ஸ் போச்சு, தொறந்தேன், அதும் போச்சு. ஒரு மோட்டார் சைக்கிள்காரன் கேட்டுக்கடியில குனிஞ்சு போனான், இது போவல, மரியாதையுள்ள வயலு" என்று அவர் பிறகு சொன்னார். சுங்கச் சாவடியில் கார், வேன், பஸ், லாரி என்று பலகையில் எழுதியிருந்ததே தவிர வயலுக்கு எவ்வளவு என்று எழுதவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்ததால் கம்பத்தைத் தூக்கி விட்டுவிட்டார்கள்.

முதலில் குரல் கொடுத்தது சவரிராயன். ஓடுகிற லாரி ஒன்றும், சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நிற்கிற லாரி ஒன்றும் அவனுக்கு உண்டு. "எவன் வயல்லே இது? எடுங்கலே! என் வண்டிய நான் எங்கன போடுவேன், தலையிலயா?"

பால்வாடி நடத்துகிற ரெஜினாள் கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். கரண்டி இல்லாமல் அவள் பேசி நான் பார்த்ததில்லை. "அம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்கு, மேலெல்லாம் வெந்து கெடக்கு. மொதல்ல தண்ணி குடுக்கணும். ஞாயத்தப் பொறவு பேசுவோம்."

எங்கள் ஊரில் தண்ணி கொடுப்பது என்றால் சும்மா இல்லை. உப்பளத்தை மூடிக் கட்டிய காலனி இது. சுவருக்கு அடித்த சுண்ணாம்பு அடுத்த பெருநாளுக்கு நிற்காது, நட்டுவைத்த முருங்கைக் கொம்பு நட்டபடியே நிற்கும், கோடை வந்தால் தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், எங்கள் தெருவில் பூக்கிற ஒரே பூ அதுதான். நல்ல தண்ணி லாரியில் வரும், வரிசையில் நின்று பிடிக்க வேண்டும். அன்றைக்கு லாரி வந்தபோது வீட்டுக்கு ஒரு குடம், கேட்காமலே, வயலின் வாய்க்காலில் போய் விழுந்தது. வயல் குடித்த சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. கடைசிக் குடத்தை ஊற்றியவன் சவரிராயன். ஊற்றிக்கொண்டே திட்டினான், திட்டிக்கொண்டே ஊற்றினான்.

அது ஏன் எங்களிடம் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்களிடம் வராமல் வேறு எங்கே போகும்?

ஆற்றுப் பாசனத்துக் கிராமம் ஒன்றில் பேச்சிக்கனி குத்தகைக்குப் பயிர் செய்தாள். ஒரு வருசம் தக்காளிக்கு விலை இல்லை, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று மொத்தத்தையும் குழிவெட்டிக் கொட்டினாள். அதே வருசம் எங்கள் காலனிக் கடைக்கு வருகிற காய், ஹோட்டல்காரன் எடுத்து, பெரிய தெருக்காரன் எடுத்து, ஆடு மோந்து பார்த்து வேண்டாமென்று விட்டுப்போனதுபோல் இருக்கும். பால்வாடிப் பிள்ளைகள் கத்தரிக்காய்ப் படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும், தட்டில் வைத்தால் என்னவென்று கேட்கும். ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் ஒருநாள் படுத்துக் கிடந்த ரெஜினாளும் பேச்சிக்கனியும் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். "அங்க நீ குழியில போடுத, இங்க நாங்க சட்டியில போட வழியில்லாம இருக்கோம். நடுவுல எவன் ஒக்காந்திருக்கான்?" என்று ரெஜினாள் குளுக்கோஸ் பாட்டிலைத் தானே கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்ததாகச் சொல்வார்கள். அந்த இடத்தில் நான் இல்லை, ஆனால் நம்புகிறேன்.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. விதைக்கும் முன்னால் ஒவ்வொரு வீடும் முடிந்ததைப் பேச்சிக்கனியிடம் கொடுத்துவிடும். விளைந்தால் விளைந்ததில் பங்கு, விளையாவிட்டால் விளையாததில் பங்கு. கூடக் கொடுத்தவனுக்குக் கூடக் கிடையாது. ஒன்றுமே கொடுக்க முடியாத வீடு சாக்கை உதறி மடித்துக் கொடுத்தால் போதும். சனிக்கிழமை குட்டியானை வண்டியில் பேச்சிக்கனி காயோடு வருவாள், மைதானத்தில் தார்ப்பாய் விரித்து வீட்டுக்கு ஒரு கூறு வைப்போம்.

பங்கு வைக்கிற முறை மட்டும் எங்கள் கடற்கரை முறை, பிடித்த மீனை வள்ளத்துக்காரர்கள் பிரிக்கிற முறை. ஒருவன் கூறுகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்க வேண்டும். திரும்பி நிற்கிறவன் வாயில் வருகிற பெயருக்கு அந்தக் கூறு. பெரிய பூசணித் துண்டு எவனுக்கு, சொத்தைக் கத்தரி எவனுக்கு என்று சொல்கிறவனுக்கும் தெரியாது, கேட்கிறவரும் முடிவு செய்யமுடியாது, அதனால் சண்டைக்கு இடமில்லை. கண்ணில் புரை விழுந்தவன் திருடிப் பார்த்தாலும் தெரியாது என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

சரி, பேச்சிக்கனிக்கு வருகிறேன். அவள் அன்று முதல் பஸ்ஸைப் பிடித்து, மண் தடத்தை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்து, எங்கள் நிறுத்தத்தில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வரப்பில் நின்று வயலைத் திட்டினாள் பாருங்கள், அவிழ்த்துக்கொண்டு ஓடிய கன்றுக்குட்டியைத் திட்டுகிற மாதிரி.

"ஒன்ன யாரு இங்க வரச்சொன்னா? ஒரு வார்த்த சொன்னியா? நான் அங்கன வந்து நின்னா வெறும் பள்ளம் கெடக்கு! நெஞ்சு நின்னுபோச்சு எனக்கு!" திட்டி முடித்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். ரெஜினாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

நிலத்துக்காரரின் மகன் நிலத்தை விற்றுவிட்டானாம். வாங்கியவர் வீட்டுமனை போடுகிற பூமிநாதன். அன்று காலை பொக்லைன் வரவேண்டிய நாள். பேச்சிக்கனியின் கையில் காகிதம் ஒன்றும் இல்லை, நிலத்துக்காரரின் அப்பா காலத்து வாய்ச்சொல் குத்தகை. "கடைசியா ஒருக்கா பாத்துட்டு வந்துருவோம்னு போனேன் அண்ணாச்சி. எனக்கு முன்னால இது கெளம்பிட்டு."

அப்புறம் என்ன, வயல் எங்களோடு இருந்தது. வயல் இருக்கிற காலனி எப்படி இருக்குமோ அப்படி நாங்கள் ஆனோம். துறைமுகத்தில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிறவன் வரப்பில் கால்வைக்கும் முன்னால் பூட்ஸைக் கழற்றினான், பிள்ளைகள் கிரிக்கெட்டைத் தெருவுக்கு மாற்றிக்கொண்டு கண்ணாடி உடைந்ததற்கெல்லாம் காவல்பொம்மையின் மேல் பழியைப் போட்டார்கள், மாதா கெபியில் பூசைக்கு வந்த சாமியார் வயலுக்கும் ஒரு கை தீர்த்தம் தெளித்தார், பக்கத்துத் தெரு பாய் வீட்டில் தங்கள் நோன்புக் கஞ்சிக்குப் புதினா கேட்டு வந்தார்கள், பாம்பு வருமோ என்று பயந்த பெண்கள் தவளைச் சத்தம் நின்றால்தான் தூக்கம் வரவில்லை என்றார்கள். பேச்சிக்கனி பகலெல்லாம் வயலில் நின்றாள். இருட்டினால் பால்வாடி வராந்தாவில் ஒரு பாயில் முடங்கிக்கொண்டாள். அவள் என்ன சாப்பிட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. காய் கொண்டுவருகிறவள் ஆயிற்றே, அவளுக்கு என்ன குறை என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

குறை வயலுக்கு வந்தது. கீழே கிடக்கிறது உப்புத்தரை இல்லையா? முதலில் வரப்போரம் நூல்பிடித்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பிறகு ஓரத்துக் கீரை நுனி கருகியது. பேச்சிக்கனி ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். "ஏறுது" என்றாள். வயலும் தூக்கத்தில் காலை இழுத்துக்கொள்கிற பிள்ளைபோல நாளுக்கு நாள் நடுவை நோக்கிச் சுருங்கிக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் பூமிநாதன் வந்தார். கூடவே அளக்கிற சங்கிலியோடு ஒரு சர்வேயர். ஒரு மூலையில் சங்கிலியைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் சர்வேயர் என்னைக் கூப்பிட்டார், நானும் பிடித்தேன். அளந்து முடித்துத் தலையைச் சொறிந்தார்.

"சார், நீளம் அகலம் கொஞ்சம் சுருங்கிருக்கே தவிர இதேதான் வயல். ஆனா எடம் மாறியிருக்கு. இத எந்தக் கணக்குல எழுதுறதுன்னு எனக்குத் தெரியல."

"எழுதாதீங்க, எடுத்துட்டுப் போறேன்" என்றார் பூமிநாதன். நல்ல மனுசன்போலத்தான் பேசினார். "அங்க மழ பேஞ்சு குளமாக் கெடக்கு. மனைக்கு நட்ட கல்லெல்லாம் முங்கிப்போச்சு. பணம் கட்டுனவன் வந்து எட்டிப் பாத்துட்டு, இதுல நான் வீடு கட்டவா, மீன் வளக்கவான்னு கேக்கான். அடுத்த சனிக்கிழம பொக்லைன் வரும், லாரி வரும். அள்ளிட்டுப் போயி குழிய நெரப்பி, மேல சரளு அடிச்சு ரோடு போட்டுருவேன். நீங்க ஒதுங்கி நின்னாப் போதும்."

"கீழ கெடக்க சரளு ஒமக்குள்ளது சார்" என்றாள் பேச்சிக்கனி. "அது அங்கனயே கெடக்கு, தொட்டுப் பாரும். மேல இருக்கது எங்க அத்தையும் நானும் சாணியும் கொளத்து வண்டலும் கூடை கூடையாச் சொமந்து போட்டது. எங்க கல்யாணத்தப்போ ஒரு சாண் மண்ணு கெடையாது அங்க. ஒம்ம பத்திரத்துல எங்க சாணி இருக்கா?"

அவர் சிரித்துவிட்டுக் காரில் ஏறினார். அவள் சிரிக்கவில்லை. "அவன் இது மேல ரோடு போட்டுருவான் அக்கா, மூச்சுமுட்டிச் செத்துரும்" என்று ரெஜினாளிடம் சொன்னாள். "இது போச்சுன்னா நான் பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டத்தான் போவணும். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது." எங்களுக்கும் வேறு ஒன்றும் தெரியவில்லை. இங்கேயே விட்டால் உப்பு தின்னும், அங்கே போனால் சிமெண்டு தின்னும்.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் பேச்சிக்கனி இருந்த காயெல்லாவற்றையும் பறித்தாள், பிஞ்சைக்கூட விடவில்லை. கடைசிப் பங்கு என்று எல்லோருக்கும் தெரியும். தார்ப்பாயில் கூறு வைத்தார்கள், நான் முதுகைக் காட்டி நின்றேன், "இது யாருக்கு?", "மரியதாசுக்கு", "இது யாருக்கு?", "செய்யதம்மாளுக்கு", இப்படிப் போய் முடிந்தது. யாரும் கூறை எடுக்கவில்லை. சும்மா நின்றார்கள்.

சவரிராயன்தான் வாயைத் திறந்தான். "காயப் பங்கு வச்சாச்சு. பொறவு என்ன நிக்கிய? மண்ண எவன் வந்து பங்கு வைப்பான்?"

"என்னல சொல்லுத?" என்றாள் ரெஜினாள்.

"வெதைக்கு முன்னால துட்டு குடுத்தோம்லா? எதுக்குக் குடுத்தோம், வெண்டைக்காய்க்கா? வெளஞ்சா பங்கு, வெளயலன்னாலும் பங்குன்னு நீதான சொன்ன? இப்ப பறிகுடுக்கதுலயும் பங்கு எடுக்கணும்லா? வீட்டுக்கு ஒரு கூறு மண்ணு அள்ளுங்க. மொட்ட மாடிக்கு எவன் பொக்லைன் ஏத்துவான்? உப்புதான் ஏறுமா மாடிக்கு?"

அவனை ஒருமுறை பார்த்துவிட்டு ரெஜினாள் பேச்சிக்கனியைப் பார்த்தாள். பேச்சிக்கனி வயலைப் பார்த்தாள். வயல் என்ன சொன்னதோ, அவள் மண்வெட்டியை எடுத்து முதல் வெட்டை அவளே வெட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தமும் மூச்சிரைப்பும் "மொளச்சத நசுக்காதட்டி" என்ற ஏச்சும் "மண்புழுவையும் சேத்துப் பங்கு வைங்க" என்ற கேலியும் கேட்டன, ஈரமண் வாசனை எழுந்து எழுந்து வந்தது, தவளைகள் யார் வீட்டுக்குப் போவது என்று தங்களுக்குள் கத்தித் தீர்மானித்தன. பிறகு மண்வெட்டிகளைக் கீழே போட்ட சத்தம். வயல் முழுவதும் கூறு கூறாக நின்றது. ரெஜினாள் முதல் கூறைத் தொட்டுக் கேட்டாள்.

"இது யாருக்கு?"

நான் பெயர் சொல்லச் சொல்ல மண் போயிற்று. மீன் ஐஸ் வைக்கிற தெர்மாகோல் பெட்டியில் போயிற்று, பெயிண்டு வாளியில் போயிற்று, கதவு போன பிரிட்ஜில் போயிற்று, கப்பல் உடைத்த இடத்தில் வாங்கிய குளிக்கும் தொட்டியில் போயிற்று, என் பங்கு என் ஓட்டை வள்ளத்தில் போயிற்று, ஒரு வீட்டில் ஒன்றுமே அகப்படாமல் கல்யாணச் சீர்வரிசை அண்டாவில் அள்ளிக்கொண்டு போனார்கள். மாடிப்படியில் வரிசையாக ஆட்கள் நின்று கைமாற்றி ஏற்றினார்கள். எல்லாப் பெயரும் சொல்லி முடித்தேன். அப்போது பின்னாலிருந்து மறுபடி கேட்டது.

"இது யாருக்கு?"

மனதுக்குள் தெருவின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை ஒருமுறை நடந்து வந்தேன். எல்லோருக்கும் சொல்லியாயிற்று. "ரெஜினா, எல்லாருக்கும் குடுத்தாச்சு. கூடுதலா கூறு வச்சிட்டியளா?"

"இல்ல மாமா. ஒரு கூறு நிக்கி. யாருக்குன்னு சொல்லுங்க."

முதுகைக் காட்டி நிற்கிறவன் திரும்பக் கூடாது, அது முறை. நான் திரும்பினேன். புரைக்குள்ளே மங்கலாகத் தெரிந்தது: வெறும் மைதானம், நடுவில் ஒரே ஒரு கூறு, அதற்குப் பக்கத்தில் காலிக் கூடையோடு ஒருத்தி. அத்தனை சனிக்கிழமையும் அவள் அப்படித்தான் காலிக் கூடையோடு வண்டியில் ஏறிப் போயிருக்கிறாள். தெருவில் உள்ள அத்தனை பெயரும் என் வாயில் வந்திருக்கிறது, அவள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. வரவில்லையே என்று ஒரு ஆள் கேட்டதுமில்லை.

"பேச்சிக்கனிக்கு" என்றேன்.

பேச்சிக்கனி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு வைக்க எடமில்லயே அண்ணாச்சி. பால்வாடி வராந்தாவுல ஒரு பாயி கெடக்கு, அவ்வளவுதான்."

சவரிராயன் தொண்டையைக் கனைத்தான். "அந்தப் பழைய லாரி சும்மாதான நிக்கி" என்று யாரையும் பார்க்காமல் சொன்னான். "பின்னால தொட்டியில மண்ணப் போடு. முன்னால கேபின்ல நீ படுத்துக்கோ, ஃபேன் மாட்டித் தாரேன். ஆனா எவளாவது ஸ்டியரிங்குல துணி காயப்போட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

பூமிநாதனின் பொக்லைன் வந்தபோது மைதானத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், காவல்பொம்மை ஸ்டம்புக்குப் பின்னால் கீப்பராக நின்றது. அவர் காரைவிட்டு இறங்கி நாலு பக்கமும் பார்த்தார். "எங்க என் வயலு?"

"எல்லாம் இங்கனதான் இருக்கு சார்" என்றேன். "வீடு வீடாப் போயி அளந்துக்கிடுங்க."

அவரும் சர்வேயரும் போனார்கள், அதை மறுக்க முடியாது. முதல் வீட்டில் சர்வேயர் மண் போட்ட பெட்டியைச் சுற்றிச் சங்கிலியை வைக்கும்போதே அந்த அம்மா கத்தரிக்காய்ப் பொரியலும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். வீட்டுக்கு வந்தவரைச் சும்மா அனுப்புகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. இரண்டாவது வீட்டில் வெண்டைக்காய்ப் பச்சடி, மூன்றாவதில் கீரைக் கடைசல். எல்லாம் அன்று விடிந்ததும் பறித்த காய். தெரு பாதி போவதற்குள் சர்வேயர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, "சார், என்னால அளக்க முடியாது, இன்னொரு வீட்டுல அளந்தா எந்திரிக்க முடியாது" என்று உட்கார்ந்துவிட்டார். பூமிநாதன் மட்டும் சாப்பிடாமல் விறைப்பாக நின்றார். செய்யதம்மாள் வீட்டில் தக்காளி ரசத்தை ஒரு டம்ளரில் நீட்டினார்கள். அதை வாங்கிக் குடித்தார், டம்ளரின் அடியைப் பார்த்தார், இன்னொன்று கேட்டார். அதற்குப் பிறகு அவருடைய பொக்லைன் பின்பக்கமாகவே ஊர்ந்து காலனியைவிட்டுப் போனது. குழியை அவர் சரளை மண் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டார். எப்படியும் மேலே சரளைதான் அடித்திருப்பார்.

இப்போது பேச்சிக்கனி விடிந்ததும் லாரியை விட்டு இறங்கி, மண்வெட்டி களைக்கொத்து கூடையோடு தன் வயலுக்கு வேலைக்குப் போகிறாள். அவள் வயல் எங்கள் வீடுகளுக்குள்ளே இருக்கிறது. அதனால் அவள் எல்லா வீட்டுக்குள்ளும் போகிறாள். கதவை யாரும் சாத்த முடியாது, விவசாயி வயலுக்குள் போகாமல் எப்படி? அடுக்களை வழியாகத்தான் மாடிக்குப் போக வேண்டும் என்பதால் எந்த வீட்டில் அடுப்பு பற்றவில்லை, யாருக்குக் காய்ச்சல், யார் மகன் வேலையில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான் என்பதெல்லாம், களை பிடுங்கிக்கொண்டே, அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அவளுக்குத் தெரிந்தால் ரெஜினாளுக்குத் தெரியும். ரெஜினாளுக்குத் தெரிந்தால் கரண்டி கிளம்பிவிடும். சென்ற மாசம் மரியதாசு இரண்டு நாள் பட்டினி கிடந்ததை மறைக்கப் பார்த்தான், கத்தரிச் செடிக்குத் தண்ணி விடப்போனவளிடம் மாட்டிக்கொண்டான். அன்று மத்தியானம் அவன் வீட்டில் ஏழு வீட்டுக் குழம்பு.

சனிக்கிழமை வந்தால் எல்லா மாடியிலிருந்தும் காய் இறங்கி மைதானத்துக்கு வருகிறது, ஒன்றாகக் கொட்டிக் கூறு வைக்கிறோம், நான் திரும்பி நிற்கிறேன். "இது யாருக்கு?" என்ற சத்தம் கேட்டதும் முதலில் வருகிற பெயர் பேச்சிக்கனி. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள், நான் உட்பட.

அளக்கிறேன் என்று நினைத்தால் ஒரு சனிக்கிழமை காலையில் வாருங்கள். லாரியின் பின் தொட்டியில் அவரைக்கொடி ஏறி கேபினைத் தாண்டி இறங்கியிருக்கும், ஸ்டியரிங்கில் துணி காய்ந்துகொண்டிருக்கும், சவரிராயன் கத்திக்கொண்டிருப்பான். சாக்கு உதறி மடிக்கத் தெரியுமென்றால் உங்கள் பெயரையும் சொல்லுங்கள், நான் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பேன், நீங்கள் யார் எவர் என்று பார்க்கமாட்டேன்.